சிசிலியில் கை நனைக்காத ஒரு வாரம்

என்னைக் கொண்டுபோய்க் கழுதைக் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். எதையும் வரிசையாகத்தான் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு விமானம், கடல், வானிலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பெண் கேட்கிற வீட்டார், பெண்ணைப் பெற்றவளை, மூட்டை கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தவளை, சுவரில் கயிறு கட்டும் இரும்பு வளையம் தொங்குகிற இடத்தில் மெத்தை விரித்துப் படுக்கச் சொன்னார்கள்.

இனி வரிசையாகச் சொல்கிறேன்.

நான் கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் பூர்வீகம் அடிவாரம். வேலைக்காக மலையேறி, கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் போட்டு, அப்படியே தங்கிவிட்டோம். ஒரே மகள் பூங்கொடி. விவசாயம் படித்து, மேல்படிப்புக்கு இத்தாலிக்குப் போனவள், சால்வோ என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் போனில் சொன்னாள். மலைக்குக் கைப்பேசி ஏறி வராத காலம் அது. கடைவீதி பூத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் காத்து நிற்க, இதைக் கேட்டேன். வெளியே நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்து வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்தார்களாம்.

பூங்கொடியின் அப்பா இரண்டு நாள் தோட்டத்திலேயே கிடந்தார். பிறகு மிளகைக் காயப்போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஏம்புள்ள, நீ போயி ஊட்டப் பாரு. புடிச்சுதுன்னா கை நனைச்சுட்டு வா. புடிக்கலீன்னா வெறுந் தண்ணியக் குடிச்சுட்டுத் திரும்பிரு. எனக்கு எதுன்னாலும் சம்மதம்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகும் வீட்டில், பேச்சு முடிகிறவரை கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதன்பிறகு வாய்ச்சொல்கூட வேண்டியதில்லை. வழியிலும் கடையிலும் சாப்பிடுவது இதில் சேராது. என் சின்ன மாமனார் ஒருமுறை ராசிபுரம் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும் வாசனையை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு, எழுந்து வந்து பஸ் ஸ்டாண்டில் ஆறிப்போன இட்லி தின்றார். அந்தக் குழம்பைப் பற்றிச் சாகும்வரை பேசினார்.

பூங்கொடியும் ஒப்புக்கொண்டாள். "சரிம்மா. நீ சாப்பிட்டாக் கல்யாணம். சாப்பிடலீன்னா நா உன்கூடவே கிளம்பி வாரேன். ஆனா அவங்ககிட்ட இதச் சொல்லக் கூடாது. சொன்னா உனக்கு ஊட்டியே உட்டுருவாங்க."

ஆக, என் மகளின் கல்யாணம் என் வலது கையில் இருந்தது. அந்தக் கையோடுதான் கிளம்பினேன்.

இத்தாலி ஒரு பூட்ஸ், சிசிலி அது உதைக்கிற பந்து என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்தவள் நான். அந்தத் தீவில் எரிமலை உண்டு என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இறங்குகிற விமானத்தின் சன்னலில் அது நிஜமாகவே புகைந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்டார். மலை புகைகிறது, அதன் காலடியில் வீடுகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, இந்த மனிதருக்குத் தூக்கம் வருகிறது. எங்கள் மலையில் ஒரு பாறை உருண்டு ரோட்டில் விழுந்தாலே ஊரெல்லாம் அதுதான் பேச்சு.

விமான நிலையத்தில் பூங்கொடியோடு சால்வோ நின்றான். உயரம், வெயிலில் கருத்த முகம், மூன்று நாள் தாடி. கைகூப்பி, "வாங்க அத்தை" என்றான். ஒன்றும் முடிவாகாத நிலையில் அத்தையாம். பூங்கொடியை முறைத்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

எனக்குப் பசி கண்ணை அடைத்தது. விமானத்தில் கொடுத்ததை எது என்னவென்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். காரில் ஏறியதும் சால்வோ ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டி, வழிக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிரித்தால் போண்டா. நம் போண்டாவைவிடப் பெரிது, மேலே மொறுமொறுப்பாக ரொட்டித் தூள். உள்ளே மஞ்சள் சோறு, பட்டாணி, இளகிய பாலாடைக்கட்டி. சோற்றை உருட்டிப் பொரிக்க யாருக்கு மனசு வரும், மீந்த சோற்றைத் தள்ளிவிடுகிற கடைக்காரனுக்குத்தான் வரும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நாலு தின்றேன். பூங்கொடி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அம்மா இப்படித் தின்கிறாளே என்று வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வழியெல்லாம் காய்ந்த நிலம். மத்தியதரைக்கடல் காலநிலை, கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை என்று மனப்பாடம் செய்ய வைத்தது வீண் போகவில்லை. வரப்புக்கு வரப்பு சுண்ணாம்புக் கல்லை அடுக்கிச் சுவர் வைத்திருந்தார்கள், மண் பூச்சு ஏதும் இல்லை. எங்கள் மலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் காட்டுக்குக் கல் கட்டுகிற அதே விதம். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டைப் பார்த்ததும் போய்விட்டது.

ஒரு காலத்துப் பிரபுவின் பண்ணை மாளிகை அது. பாழடைந்து கிடந்ததை சால்வோவின் குடும்பம் வாங்கி, பழுது பார்த்து, விருந்தினர் விடுதியாக நடத்துகிறது. பூங்கொடி சொன்னதைக் கேட்டு அரண்மனையைக் கற்பனை செய்திருந்தேன். வாசலில் வளைவு, நடுவில் பெரிய முற்றம், எல்லாம் இருந்தது. ஆனால் சுவரெல்லாம் காரை பெயர்ந்து கல் தெரிந்தது. பழைய வண்ணப்பூச்சு பொருக்குப் பொருக்காகத் தொங்கியது.

"இன்னும் வேல முடியலையா கண்ணு?" என்றேன்.

"முடிஞ்சுதும்மா. இப்பிடி உட்டுத்தான் முடிக்கோணுமாம். பழசு தெரியோணும்."

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தாலே விருந்தாளி வருவதற்குள் பூசிவிடுவோம். இவர்கள் ஆள் வைத்து விரிசலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். குடும்பம் நொடித்துப்போய் அதை மறைக்கிறார்களோ என்று எனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது.

சால்வோவின் அம்மா கொன்செட்டா முற்றத்தில் காத்திருந்தார். கறுப்பு உடை, கணவர் போய்ச் சில வருஷம். என் வயதுதான் இருக்கும். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பூங்கொடியின் அப்பாகூட இத்தனை பேர் பார்க்க என் கையைத் தொட்டதில்லை. அந்த அதிர்ச்சி தீர்வதற்குள் என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மாடிப்படியைத் தாண்டினார். அழகழகான அறைகளைத் தாண்டினார். முற்றத்தின் மூலையில் தாழ்ந்த கதவைத் திறந்தார். உள்ளே கல் தளம், சுவரோரம் கல்லில் குடைந்த தீவனத் தொட்டி, அதற்கு மேலே இரும்பு வளையம், கீழே எனக்குக் கட்டில்.

கதவு மூடியதும் பூங்கொடியைப் பிடித்துக்கொண்டேன். "கட்டுத்தரையிலயா என்னியப் படுக்கச் சொல்றாங்க?"

"மாடு இல்லம்மா. கோவேறு கழுதை. அதும் அந்தக் காலத்துல."

இதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று என் மகள் நினைத்தாள்.

மறுநாள் காலை முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். நான் காபி மட்டும் போதும் என்றேன். கொன்செட்டா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். வாதுமைப் பாலில் செய்த பனிக்கட்டித் தூள். அதைப் பன்னில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், அதுவும் விடிகாலையில், வெறும் வயிற்றில். எங்கள் ஊரில் பிள்ளைகள் ஐஸ் கேட்டால் சளி பிடிக்கும் என்று அதட்டுவோம். இங்கே பெற்றவளே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஊட்டிவிடுவாளாம்.

நான் கையை எடுக்கவே இல்லை. கொன்செட்டா ஏதோ கேட்டார். பூங்கொடி, என் வயிறு சரியில்லை என்று ஒரு போடு போட்டாள். அவர் முகம் சட்டென்று வாடியது. வயிறு சரியில்லை என்றதற்கு இப்படியும் வாடுவார்களா என்று எனக்கு ஆச்சரியம்.

மத்தியானம் கத்தரிக்காய் வந்தது. எண்ணெயில் வதக்கி, புளிப்பும் இனிப்புமாக ஏதோ செய்திருந்தார்கள். வாசனைக்கே நாக்கு ஊறியது. மறுத்தேன். அப்புறம் வெள்ளித் தட்டில் பழம் வந்தது, பனிக்கட்டி மேல் வைத்து, பயபக்தியோடு. பார்த்தால் சப்பாத்திக்கள்ளிப் பழம். அடிவாரத்தில் வேலியோரம் ஆடுகூடச் சீந்தாமல் கிடக்கும் அதே பழம். சின்ன வயதில் அதைப் பறித்துத் தின்றுவிட்டு, நாக்கெல்லாம் சிவந்து, முள் குத்திய கையோடு அடி வாங்கியிருக்கிறேன். இந்த மாளிகையில் அதற்கு வெள்ளித் தட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொன்செட்டா நான் சிரித்ததைப் பார்த்துத் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அப்போதும் மறுத்தேன்.

கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியிலிருந்து முறுக்கும் தினைமாவு உருண்டையும் எடுத்துத் தின்றேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று முறுக்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். படித்து, வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறவள் கழுதைத் தொட்டி ஓரம் உட்கார்ந்து ஊறல் முறுக்கு தின்ற காட்சியை யாரும் பார்க்கவில்லை. அதுவரை சரி.

பூங்கொடி ஒரு வக்கீல் வாதம் கொண்டுவந்தாள். "இங்க எல்லாருமே முள்ளுக்கரண்டியிலதான சாப்புடறாங்க. கையே நனையாதும்மா. நீயும் கரண்டியில சாப்புட்டாக் கணக்குல வராதுல்ல?"

"நீ விவசாயந்தான படிச்ச?" என்றேன். போய்விட்டாள்.

சும்மா இருக்கவில்லை நான். பெண் கொடுக்கிற வீட்டில் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் தண்ணீர். கிணறு எங்கே என்று கேட்டால் முற்றத்து நடுவில் ஒரு கல் மூடியைக் காட்டினார்கள். முற்றத்துக்கு அடியில் முழுக்கத் தொட்டி, கூரையில் விழுகிற மழையெல்லாம் அதில் சேர்கிறது. மூடியைத் தூக்கச் சொல்லி எட்டிப் பார்த்தேன். கோடை முடிகிற சமயத்திலும் தண்ணீர் பளிங்காக நின்றது. அது ஒன்று மனசுக்குப் பிடித்தது. அடுத்தது மாமியார். கொன்செட்டா எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் நின்றுகொண்டே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். அதையும் கவனித்தேன்.

விடுதியில் ஒரு ஜெர்மன்காரத் தம்பதி தங்கியிருந்தார்கள். இருவரும் மர நிழலில் உட்கார்ந்து வாதுமைக் காய்க்கு மேல்தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு வந்தவர்களா என்றேன். இல்லையாம், காசு கொடுத்துத் தங்கி, விருப்பப்பட்டுத் தோல் உரிக்கிறார்களாம். எங்கள் தோட்டத்தில் மிளகு பறிக்க ஆளைக் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டு, வண்டி வைத்துக் கூட்டி வருகிறோம். நான் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்கும் ஒரு கூடை கொடுத்தார்.

ஐந்தாம் நாள் டாக்டர் வந்துவிட்டார். கொன்செட்டா சொல்லி அனுப்பியிருக்கிறார். வயதான மனிதர், கோட்டு சூட்டு. நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்தினார், கண் இமையை இறக்கிப் பார்த்தார். ரகசியமாக உள்ளே போன முறுக்கெல்லாம் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொன்செட்டா வாசற்படியில் நின்று சேலைத் தலைப்பு இல்லாத குறைக்கு ஏப்ரனைக் கசக்கினார். வயிற்றில் ஒன்றுமில்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகப் பூங்கொடி மொழிபெயர்த்தாள். அவ்வளவு சரியாகச் சொல்கிற டாக்டரை நான் நாமக்கல்லில்கூடப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் சால்வோ கொட்டகைச் சன்னலுக்குக் கொக்கி போட வந்தான். அவனோடு ஆங்கிலத்தில் பேசலாம் என்பதால் கேட்டே விட்டேன். மாடியில் அத்தனை அறை இருக்க, எனக்கு ஏன் இது?

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. அப்புறம் சொன்னான். மாடி அறைகள் பிரபுவினுடையவை, அதை வெளியாட்களுக்கு விடுகிறோம். எங்கள் முன்னோர் இந்தப் பண்ணையில் கழுதை மேய்த்தவர்கள். இந்தக் கொட்டகையில் கழுதைகளோடு படுத்துக் கிடந்தவர்கள். பண்ணையை வாங்கியதும் என் அம்மா முதலில் பழுது பார்த்தது இந்த ஒரு அறையைத்தான். இது மட்டும்தான் எங்களுடையது. இதில் விருந்தாளி யாரையும் விடமாட்டோம். நீங்கள் விருந்தாளி இல்லையே.

அவமானம் என்று நான் இத்தனை நாளாக மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்த கட்டிலின்மேல் உட்கார்ந்துகொண்டேன். கொக்கி வளைவாக இருக்கிறது என்றேன். அவன் கழற்றி மறுபடி போட்டான்.

இப்போது பயம் வந்தது. வீடு பிடிக்கவில்லை என்றால் சுலபம், தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பலாம். பிடித்துவிட்டால் என் ஒரே பெண்ணை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் விமானம் ஏற வேண்டும். எங்கள் மலைப்பாதையின் எழுபது வளைவைத் தாண்டிப் பார்த்துவிட்டு வருகிற தூரமா இது? அம்மா என்று அவள் கூப்பிட்டால் பூத்துக்குள் நின்றுதான் கேட்க வேண்டும். எனக்கு இந்த வீட்டில் ஒரு குறை வேண்டியிருந்தது, அவசரமாக.

முறுக்கும் தீர்ந்துவிட்டது. மறுநாள் கடையில் எதையாவது சாப்பிடலாம் என்று பூங்கொடியோடு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். உச்சி வெயிலில் இறங்கினால் ஊரே சாத்தியிருந்தது. துணிக்கடை, மருந்துக்கடை, ஓட்டல், எல்லாம். யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லையாம், தூங்குகிறார்களாம். தினமும் இந்நேரத்துக்கு ஊரே படுத்துவிடுமாம். ஒரு ரொட்டிக் கடைக்காரர் மட்டும் பாதிக் கதவை இறக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கெஞ்சி, தக்காளி வைத்து மடித்த ரொட்டி வாங்கி, நடுத்தெருவில் நின்றபடியே தின்றோம்.

திரும்பி வர பஸ் இல்லை. பலகையில் போட்டிருந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டதற்கு ஒருவர் தோளை மட்டும் தூக்கிக் காட்டினார். கால் கடுக்க நின்றபோது ஒரு மூன்று சக்கர வண்டி தடதடவென்று வந்து நின்றது. எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற குட்டி ஆட்டோவேதான். ஓட்டியவர் கொன்செட்டாவின் தம்பி. பின்னால் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்தார். வளைவில் ஒரு கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பேசினார். எனக்கு உயிரே இல்லை. என் மடியில் எண்ணெய்க் காகிதம் இருந்ததை அவர் பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

தம்பி அக்காவிடம் சொல்லிவிட்டார். வயிறு சரியில்லாத அம்மாள் தெருவில் நின்று ரொட்டி தின்கிறாள் என்று.

அதற்கடுத்த நாள் கொன்செட்டா என்னோடு பேசவில்லை. காபியை வைத்தார், போனார். மத்தியானம் அடுக்களை மேசைக்கு என்னைக் கூப்பிட்டார். பூங்கொடியையும் சால்வோவையும் உட்காரச் சொன்னார். என் முன்னால் ஒரு தட்டை வைத்தார்.

வெள்ளைச் சோறு. குழம்பில்லை, கூட்டில்லை. குழையாமல் வடித்து, ஆவி பறக்க, வெறும் சோறு. ரொட்டியும் முறுக்குமாகக் கிடந்த எனக்கு அந்த வாசனையில் கண் கலங்கிவிட்டது. இவர்கள் வீட்டில் உடம்புக்கு முடியாதவர்களுக்குத்தான் இப்படி வடிப்பார்களாம். எங்கள் வழக்கத்தில் இதற்குமேல் ஒரு சம்மதம் கிடையாது.

நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். கொன்செட்டா பேச ஆரம்பித்தார். பூங்கொடி தமிழில் சொன்னாள்.

"அவங்க கேக்கறாங்க, நா என்ன தப்புப் பண்ணுனேன்னு. மொத நாளு நீ பசியோட வருவேன்னு விடிகாலைல எந்திரிச்சு அரஞ்சினோ பண்ணிக் குடுத்துட்டாங்களாம். நாலு சாப்புட்டீன்னு சால்வோ சொன்னானாம். அன்னிக்கு முழுக்க சந்தோசமா இருந்தாங்களாம். மறுநாளு உனக்கு வயிறு சரியில்லைன்னதும் அதுனாலதான்னு ராத்திரியெல்லாம் தூங்கலையாம். இப்ப வயித்துல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு போச்சு. அப்ப எங்க ஊட்டுச் சாப்பாட்டுல என்ன கொறைன்னு கேக்கறாங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த நாலு?"

"கார்ல சாப்புட்டியே."

"அது கடையில வாங்குனதில்லையா?"

பூங்கொடி கண்ணால் கொன்செட்டாவைக் காட்டினாள். அந்த மஞ்சள் சோறு, அந்தப் பட்டாணி. மீந்த சோற்றைத் தள்ளிவிடும் கடைக்காரன் என்று நான் திட்டியது இந்த அம்மாளை. வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே, இந்த வீட்டு அடுக்களைச் சோற்றை, ஒன்றல்ல நாலு, கையால் தின்றிருக்கிறேன். அதன்பிறகு ஒரு வாரமாகக் கை நனைக்காமல் விரதம் காத்திருக்கிறேன்.

"நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?" என்று பூங்கொடியைக் கேட்டேன்.

"ஆமாம்மா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்ற கல்யாணம் அன்னிக்கே முடிஞ்சிருக்குமே."

"நீ தெரியாமத் தின்னது. அத நா கணக்குல சேக்கல. நீயாச் சாப்புடோணும்னு இருந்தேன்."

என் மகள் இந்த ஒரு வாரமும் ஜெயித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவிழ்த்தே வைத்திருந்தாள். நான் சாப்பிடாவிட்டால் என்னோடு திரும்பி வருவதற்கும் தயாராக இருந்தாள். இவளை யார் இப்படி வளர்த்தது என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

"எல்லாத்தையும் அவங்ககிட்டச் சொல்லு," என்றேன். "நம்ம வழக்கத்தச் சொல்லு. நா ஏன் சாப்புடலைன்னு சொல்லு. இந்தச் சோத்தத் தின்னா என்ன அர்த்தம்னும் சொல்லு. சொல்லிட்டு, நா தின்னப் போறேன்னு சொல்லு."

பூங்கொடி சொன்னாள். சால்வோவுக்கே அப்போதுதான் தெரியும், வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். நான் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சோற்றுக்குக் கையை நீட்டினேன்.

கொன்செட்டா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு அதிர்ச்சி பட்டதில்லை. இலையில் உட்கார்ந்தவளுக்கு முன்னால் இருந்து சோற்றை எடுப்பதை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவர் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"இப்பத்தான் தெரியுது, இத்தன நாளும் எதக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னு," என்று பூங்கொடி மொழிபெயர்த்தாள். "இவன் எனக்கு ஒரே மகன். எப்பப் பாத்தாலும் உங்க மலையப் பத்தியேதான் பேசறான். மிளகுக் கொடி, பலாப்பழம், மழை. அங்கயே போயிருவானோன்னு எனக்குப் பயமா இருக்குது. நீங்க என்ற ஊட்டப் பாத்துட்டீங்க. தண்ணித் தொட்டியக்கூட எட்டிப் பாத்தீங்க. நா உங்க ஊட்டப் பாக்கல. பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் நானும் உங்க ஊட்டுல கை நனைக்க மாட்டேன்."

பையனைப் பெற்றவளுக்கும் இந்தப் பயம் உண்டு என்று எனக்கு ஒரு வாரமாகத் தோன்றவே இல்லை. கொடுப்பவள் நான், நான்தான் யோசிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. அவர் இடத்தில் நானும் தட்டைப் பிடுங்கியிருப்பேன். வாங்க என்றேன். அந்தச் சோறு மேசை நடுவில் ஆறிக்கொண்டு கிடந்தது.

பூங்கொடியின் அப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். முன்பே பேசி வைத்தபடி பூத்தில் காத்திருந்தார்.

"ஏனுங்க, கை நனைச்சுட்டேனுங்க. மொத நாளே நனைச்சுட்டேன். எனக்குத்தான் தெரியல. ஆனா இப்ப அவங்க மாட்டேங்கறாங்க."

அவர் "என்ன தின்ன?" என்று மட்டும் கேட்டார்.

தை மாதம் கொன்செட்டா சால்வோவோடு வந்தார். திருச்சிக்குப் பூங்கொடியின் அப்பா கார் கொண்டு போய் மகளையும் சேர்த்து மூன்று பேரையும் அழைத்து வந்தார். கொன்செட்டா செய்ததற்குச் சமமாகச் செய்ய வேண்டும் என்று எங்கள் படுக்கையறையையே அவருக்குக் கொடுத்தோம். புதிதாக ரோஸ் கலர் அடித்து, டியூப் லைட் மாற்றியிருந்தேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்து, உள்ளே கல்லா என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகத்தில் அப்படி ஒரு துக்கம். கல்லை ஏன் மூடினீர்கள் என்றாராம்.

மறுநாள் அவரை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனேன். மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியை இவ்வளவுதானா என்பது போல் பார்த்தார். திருப்புலி நாட்டுப் பக்கம் தினைக் கதிர் காட்டினேன், கசக்கி ஊதிப் பார்த்தார். எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடியை அவரே தூக்கி எட்டிப் பார்த்தார். தொட்டியைப் போன வாரம்தான் கழுவியிருந்தேன், அதனால் நிமிர்ந்து நின்றேன்.

மத்தியானம் இலை போட்டோம். சோறு, பருப்பு, நெய், ரசம், மலைவாழைப்பழம். கொன்செட்டா இலைக்கு முன்னால் நேராக உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடித்தார். சால்வோ இலையைப் பார்த்துத் தலைகுனிந்துகொண்டான். வயிறு சரியில்லை என்று அவர் பொய்கூடச் சொல்லவில்லை.

நான் அடுக்களைக்குள் போனேன். பூங்கொடியின் அப்பா தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தார். திருச்சிக்குப் போகும்போது அதில் நான் வெல்லப் பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். என்னவென்று கேட்டால் வழிக்கு என்று மட்டும் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தேன்.

"எத்தன தின்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அஞ்சு. ஆறாவதைப் பையன் புடுங்கிட்டான்."

"வளைவுல வாந்தி கீந்தி எடுத்துட்டாங்களா?" அது வெளியே வந்துவிட்டால் கணக்கில் சேருமா என்பது பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"இல்ல புள்ள. அத்தனையும் வயித்துலதான் இருக்குது."

வெளியே வந்தேன். கொன்செட்டா இலையை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்கிறார் என்று பூங்கொடி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் கண் என் முகத்தில் எதையோ தேடியது. காரில் அவளும்தானே இருந்தாள்.

அவசரமே இல்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசிக்கட்டும் என்று சொல்லச் சொல்லிவிட்டு, உள்ளே போய் நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தேன்.